6.40 வண்டியும் என் வயிறும்

ஜூன் 30, திங்கள்

காலை ஐந்து மணிக்கே புழுக்கம். மலை மேல் மேகம் கட்டி நின்றது. கீழே ஒரு சொட்டு இல்லை.

டாக்டரம்மா சொன்னபடி இன்றிலிருந்து எழுத வேண்டும். சிமெண்ட் கடையில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து அலமாரியில் சும்மா கிடந்தது. சாப்பிட்டதெல்லாம் ஒரு பக்கம், வயிறு எப்படி இருந்தது என்பது எதிர்ப் பக்கம். மூன்று வாரம். எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அதுவே காட்டிக் கொடுக்குமாம்.

ரத்தம், ஸ்கேன், குழாய் விட்டுப் பார்த்தது, எல்லாம் சுத்தம். "புண்ணு இல்ல, கட்டி இல்ல. உங்க குடல் கொஞ்சம் ரோஷக்காரக் குடல். ஐ.பி.எஸ்., எரிச்சல் குடல் நோய்னு சொல்லுவோம். உயிருக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். உயிருக்கு ஆகாது, சரி. வேலைக்கு?

கழிவறைக்குப் போவதை 'நடை' என்று எழுதப் போகிறேன். பஸ் ஒரு தடவை ஓடுவதையும் அப்படித்தான் சொல்வோம். யாராவது எடுத்துப் பார்த்தால் டூட்டிக் கணக்கு என்று மூடி வைத்துவிடட்டும்.

சாப்பிட்டது: இட்லி 3, வேர்க்கடலைச் சட்னி. மதியம் சோறு, முருங்கைக்காய் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல். இரவு தோசை 2.
வயிறு: நடை 5. வீட்டில் 2, டெப்போவில் 1, திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் 2.

பவி என் வண்டியில் ஏறாத நாள்: 13.

ஜூலை 1, செவ்வாய்

அந்தப் பதிமூன்று என்ன என்பதை எழுதிவிடுகிறேன். காலேஜ் உள்ள நாள் மட்டும்தான் கணக்கு.

இருபத்தோரு வருஷமாக பஸ் ஓட்டுகிறேன். இப்போது திருத்தணி - திருவள்ளூர் ரூட், காலை 6.40 வண்டி. என் மகள் பவித்ரா திருவள்ளூரில் பி.எஸ்சி. கணக்கு படிக்கிறாள், மூன்றாம் வருஷம். சேர்ந்த நாளிலிருந்து என் வண்டிதான். இன்ஜினை மூடியிருக்கும் பானட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை சீட். வேறு யாரும் உட்கார்ந்தால் என் கண்டக்டர் முனிரத்தினம் எழுப்பிவிடுவான்.

ஜூன் 11. ஊரைத் தாண்டும்போதே வயிற்றில் முறுக்கு. கனகம்மாசத்திரம் தாண்டியதும் வியர்த்துக் கொட்டியது. வண்டியில் அறுபது பேர். இன்னும் ஒரு நிமிஷம் போனால் சீட்டிலேயே ஆகிவிடும். இடது பக்கம் ஒதுக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கரும்புத் தோட்டத்துக்குள் ஓடினேன்.

ஏழெட்டு நிமிஷம். திரும்பி வந்தபோது பின்னால் நின்ற பசங்கள் கை தட்டினார்கள். ஒருவன் செல்லில் எடுத்திருக்கிறான். நான் பாட்டிலோடு ஓடுவது, கரும்பு ஆடுவது, சட்டையைச் சொருகிக்கொண்டு வெளியே வருவது. மேளச் சத்தம் வேறு சேர்த்து அனுப்பியிருக்கிறான். மதியத்துக்குள் டெப்போ முழுக்கப் பார்த்துவிட்டார்கள்.

மேனேஜர் கூப்பிட்டார். "இருவத்தோரு வருசம் ஒரு ரிமார்க் இல்ல உம்மேல. அதனால வுட்றேன். இன்னொரு தபா நடுரோட்ல வண்டிய நிறுத்தின, அப்பால ரூட் கெடையாது. ஷெட்டுக்குள்ள வண்டி எடுத்து வுட்டுகினு கெட."

அதுகூடப் போகட்டும். நான் வந்து சீட்டில் உட்கார்ந்தபோது பவி பையை மடியில் அணைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டாள். காலேஜுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கிறது. மறுநாளிலிருந்து 7.25 வண்டி.

பெற்ற பெண் என் வண்டியில் ஏற வெட்கப்படுகிறாள். ரூட்டும் வேண்டும்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் அவள் திரும்ப அந்த சீட்டில் உட்கார வேண்டும். அதற்கு இந்த வயிறு அடங்க வேண்டும்.

சாப்பிட்டது: பொங்கல், வடை 1. மதியம் சோறு, காரக்குழம்பு. இரவு சப்பாத்தி 2.
வயிறு: நடை 6. ஏறாத நாள்: 14.

ஜூலை 3, வியாழன்

நல்ல வெயில். பின் டயர் காற்று இறங்கி இருபது நிமிஷம் லேட்.

வைத்தியம் சொல்லாத ஆளே கிடையாது. இதுவரை வந்தவை:

முனிரத்தினம்: "மொளகாதாண்ணா. ஒரு வாரம் மொளகா இல்லாம துன்னு பாரு."

பானட் பக்கம் நின்ற ஒரு அம்மா, யாரென்றே தெரியாது: மாதுளம்பழத் தோலைக் காயவைத்துப் பொடி செய்து சாப்பிட வேண்டுமாம். வீடியோவைப் பார்த்திருக்கிறார். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

டெப்போ எலெக்ட்ரீஷியன்: கண் பட்டிருக்கிறது. என்னைப் பார்த்துக் கண் போட என்ன இருக்கிறது?

திருவள்ளூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை கோவிந்தண்ணன்: "சூடுபா. இன்ஜின் மேல குந்திகினே கீற, சூடு இல்லாம இன்னா?" சொல்லிக்கொண்டே டீயை நீட்டினார். வண்டி வந்து நின்றதும் டிரைவர், கண்டக்டருக்குக் கேட்காமலே டீ வரும், காசு கிடையாது. வண்டி தன் கடை முன்னால் நின்றால் அவருக்கு வியாபாரம். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் இதுதான் வழக்கம். எனக்கு மட்டும் தண்ணீர் கலக்காத பாலில் போடுவார். ஏடு மிதக்கும்.

சாப்பிட்டது: இட்லி 4. மதியம் சோறு, ரசம், உருளைக்கிழங்கு. இரவு உப்புமா.
வயிறு: நடை 4. மாலை உப்புசம். ஏறாத நாள்: 16.

ஜூலை 6, ஞாயிறு

லீவு. அம்மையார்குப்பத்திலிருந்து என் மனைவி லோகாவின் தம்பி குமார் வந்தான். தறி ஓட்டுகிறவன், அரை நாள் நிறுத்திவிட்டு எனக்காக ஒரு கேன் பசும்பால் கொண்டுவந்தான். "ராத்திரி படுக்கச்சொல்ல ஒரு சொம்பு குடி பாவா. சூட்ட அப்டியே எடுத்துப்புடும்." நல்ல பையன். வீடியோவைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவன் பெண்டாட்டி அவனுக்கு முன்னால் பார்த்திருப்பாள்.

லோகா இனி வீட்டில் மிளகாய் கிடையாது என்று அறிவித்துவிட்டாள். மிளகுதான். அவளுக்குக் காரம் இல்லாமல் ஒரு கவளம் இறங்காது. எனக்காகச் சாப்பிடுகிறாள், ஆனால் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாள்.

சாப்பிட்டது: சோறு, மிளகு ரசம், பீர்க்கங்காய்க் கூட்டு.
வயிறு: நடை 5. லீவு நாளிலும் ஐந்தா!

ஜூலை 9, புதன்

காலையில் தூறல். ரோடு வழுக்கல்.

வண்டியின் இரண்டாவது நடையில் மறுபடி வந்துவிட்டது. கனகம்மாசத்திரம் ஸ்டாப்புக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். கண்ணாடியில் முனிரத்தினம் என் முகத்தைப் பார்த்திருக்கிறான். ஸ்டாப்பில் நின்றதும் சத்தமாக, "டிக்கெட் மிஷின் மாட்டிகினு கீது, அஞ்சு நிமிசம் ஆவும், யாரும் எறங்காதீங்க" என்றான். நான் எதிரே இருந்த ஓட்டலின் பின்பக்கம் ஓடினேன்.

வந்து உட்கார்ந்தபோது மிஷினைக் கையில் தட்டிக்கொண்டே இருந்தான். "சரியாய்டுச்சாண்ணா?" "ஆங்." "எனக்கும் சரியாய்டுச்சு" என்று விசில் ஊதினான். பதினோரு வருஷம் ஒரே வண்டி. கூடப் பிறந்தவன் இப்படிச் செய்வானா தெரியாது.

ஆனால் எத்தனை நாள் மிஷின் மாட்டிக்கொள்ளும்?

சாப்பிட்டது: பழையது, மோர் மிளகாய் இல்லாமல். மதியம் எதுவும் இல்லை, பயம். இரவு இட்லி 3.
வயிறு: நடை 6. ஏறாத நாள்: 20.

ஜூலை 12, சனி

மிளகாய் நிறுத்தி ஏழு நாள். ஒரு மாற்றமும் இல்லை. மிளகாய் விடுதலை. லோகா சாயங்காலமே காரச் சட்னி அரைத்துவிட்டாள்.

சந்தேகப் பட்டியல்:
மிளகாய் - இல்லை.
கத்தரிக்காய் - இரண்டு தடவை பார்த்தாயிற்று, இல்லை.
பரோட்டா - வேண்டுமென்றே 3 சாப்பிட்டேன். நடை 4. எப்போதும் உள்ளதுதான்.
கடலைப் பருப்பு, உருளைக்கிழங்கு - தெரியவில்லை. சில நாள் ஆம், சில நாள் இல்லை.
முட்டை - இல்லை.
வெங்காயம் - அடுத்த வாரம்.

போலீஸ்காரன் திருடனைப் பிடிக்கப் போய் ஊரில் இருப்பவர்களையெல்லாம் ஸ்டேஷனில் உட்கார வைத்த மாதிரி இருக்கிறது.

பவியிடம் கேட்டுவிடலாம் என்று மாடிக்குப் போனேன். துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "7.25 கூட்டமா இருக்குமேம்மா?" "ஆங், பரவால்ல நைனா." அவ்வளவுதான். இறங்கி வந்துவிட்டேன். அவளை வற்புறுத்த எனக்கு என்ன முகம் இருக்கிறது?

ஜூலை 14, திங்கள்

முதல் நடையில் பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "அண்ணா, கரும்பு ஸ்டாப் வந்தா சொல்லு." நாலு பேர் சிரித்தார்கள். பழைய கோபம் இருந்தால் வண்டியை நிறுத்தி இறக்கி விட்டிருப்பேன். இப்போது வண்டியை நிறுத்துவது என்ற நினைப்பே எனக்கு ஆகாது.

அந்தக் காலி ஒற்றை சீட்டில் ஒரு பெரியவர் வாழைத்தாரோடு உட்கார்ந்து வந்தார். முனிரத்தினம் இப்போதெல்லாம் எழுப்புவதில்லை.

பவி காலையில் சாப்பிடாமல் கிளம்பினாளாம். லோகா சத்தம் போட்டாள். வயசுப் பெண்கள் உடம்பு இளைக்க வேண்டும் என்று பட்டினி கிடக்கிறார்கள். கேட்டால் கோபம்.

சாப்பிட்டது: தோசை 3, வெங்காயம் இல்லாமல். மதியம் தயிர் சோறு. இரவு இடியாப்பம்.
வயிறு: நடை 5. ஏறாத நாள்: 23.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. காற்று மண்ணை வாரி அடிக்கிறது. டீ குடிக்கும்போது டம்ளரிலேயே மண்.

வெங்காயமும் இல்லை. வயிறு: நடை 4. ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. ஏறாத நாள்: 26.

ஜூலை 20, ஞாயிறு. கிருத்திகை

கல்யாணம் ஆனதிலிருந்து கிருத்திகை விரதம். மாதம் தவறியதில்லை. காலையிலிருந்து சாயங்காலம் மலைக்குக் கும்பிடு போடும்வரை ஒரு பருக்கை உள்ளே போகாது.

ஸ்பெஷல் வண்டி என்பதால் லீவு ரத்து. வண்டிக்கு வண்டி காவடி. பானட் மேலே பூக்காவடி, காலடியில் பால்குடம். அரோகரா சத்தத்தில் ஹாரன் கேட்கவில்லை. நல்லவேளை, சாப்பிடவில்லை, இன்று வயிறு சும்மா இருக்கும் என்று தைரியமாக இருந்தேன்.

மதியம் ஒரு மணிக்கு ஊர் எல்லையில் வண்டி நகரவில்லை. முன்னால் நூறு வண்டி. அப்போது பிடித்தது பாருங்கள், இதுவரை வராத வலி. கத்தி வைத்துக் கிளறுகிற வலி. பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேருவதற்குள் உதட்டைக் கடித்ததில் ரத்தம். கட்டணக் கழிப்பிடத்தில் காவடிக்காரர்கள் முப்பது பேர் வரிசை. "வண்டி எடுக்கணுங்க, டிரைவருங்க" என்றேன். அழுதுவிட்டேனோ என்னவோ. மஞ்சள் வேட்டிக்காரர் ஒருவர் ஒதுங்கி, "போ சாமி, போ சாமி" என்று முன்னால் தள்ளினார்.

சாப்பிட்டது: ஒன்றும் இல்லை.
வயிறு: நடை 8.

ஒன்றும் சாப்பிடாத நாளில் எட்டு. அப்படியென்றால் இது சாப்பாட்டால் வருவது இல்லை. டாக்டரம்மாவுக்குத் தெரியாத வேறு ஏதோ உள்ளே இருக்கிறது. என் பெரியண்ணனுக்கும் முதலில் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் போய்விட்டார்.

இருபது வருஷத்துக்கு மேல் விரதம் இருந்தவனை முருகன் பார்க்கிற பார்வை இதுவா? கோபமாக வருகிறது. மலையைப் பார்த்துக் கும்பிட்டேன், ஆனால் மனதோடு கும்பிடவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் போனேன். டைரியைக் காட்டவில்லை. மேனேஜர், பவி, பெரியண்ணன் எல்லாம் இதில் இருக்கிறார்கள். சாப்பாட்டு லிஸ்ட்டை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொண்டு போனேன்.

கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். கிருத்திகையில் நின்றார்.

"அன்னிக்கு ஒண்ணுமே எடுத்துக்கலையா?"

"விரதம்மா. பச்சத் தண்ணிகூட... இல்ல, டீ மட்டும்தான்."

"டீயா? எத்தனை?"

"அது கணக்கு இல்லம்மா. பசி தாங்கணும்ல. ஒரு பத்து இருக்கும். நடுவுல ரெண்டு தடவ பாலு."

பேனாவைக் கீழே வைத்தார். "மத்த நாள்ல?"

எண்ணிப் பார்த்தேன். டெப்போவில் ஒன்று. வண்டி எடுக்கும் முன் ஒன்று. ஒவ்வொரு நடைக்கும் இரண்டு முனையிலும். வீட்டில் இரண்டு. ராத்திரி குமார் சொன்னபடி ஒரு சொம்பு பால். "எட்டு ஒம்பது டீ வரும்மா. அப்பால பாலு."

"இந்த லிஸ்ட்டுல ஒரு டீகூட இல்லையே!"

"நீங்க சாப்புட்றதத்தானம்மா எழுதச் சொன்னீங்க."

சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவதற்கு ஸ்டெதஸ்கோப்பைச் சரி செய்துகொண்டார். "டீ சாப்பாடு இல்லன்னு உங்களுக்குத் தெரியுது. உங்க குடலுக்குத் தெரியலையே" என்றார். சில ரோஷக்காரக் குடல்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. பத்து நாள் பால், பால் டீ எதுவும் கூடாது. பிறகு ஒரே ஒரு டீ குடித்துப் பார்க்க வேண்டும். அப்போது தெரிந்துவிடும். பெரியண்ணனைப் பற்றியும் கேட்டேன். டெஸ்ட் பேப்பரை மறுபடி எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டி, உங்களுக்கு அது இல்லை என்று பொறுமையாகச் சொன்னார்.

"இன்னொண்ணு. பாதி பால்னா பாதி பயம். அதையும் பாக்கணும்."

பயத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் லோகா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு வாரம் என்ன மொளகா இல்லாம சாவடிச்சியே, அந்தப் பாழாப்போன டீய ஒரு வார்த்த எழுதுனியாய்யா?" பவி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சிரித்திருப்பாள் என்று நினைத்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 23, புதன்

டீ இல்லாத முதல் நாள். தலை விண்விண் என்கிறது. எதிரே வருகிற லாரிக்காரன் எல்லாம் என்னைத் திட்டுகிற மாதிரி இருக்கிறது.

கோவிந்தண்ணன் டம்ளரை நீட்டினார். "வேணாண்ணா." "இன்னாபா, டீ நல்லா இல்லியா?" "வயித்துக்கு ஆவல." கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே நின்றார். "பதினெட்டு வருசமா குடிச்சிகினு கீற. இப்பதான் ஆவலியா?" அந்த டீயை யாருக்கும் கொடுக்காமல் வைத்துவிட்டார், ஆறிப்போயிற்று. கடைசி நடைக்குப் பால் விடாமல் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தார். கஷ்டமாக இருந்தது.

உள்ளே போனது (இனி இப்படித்தான் எழுத வேண்டும்): இட்லி 3, பால் விடாத கட்டன் டீ 2, சோறு, கீரை, தண்ணீர்.
வயிறு: நடை 4. ஏறாத நாள்: 30.

ஜூலை 28, திங்கள்

ஆறாம் நாள். நடை 2. இரண்டும் வீட்டிலேயே.

எழுதிவிட்டு மறுபடி படித்துப் பார்க்கிறேன். இரண்டு.

ஜூலை 30, புதன்

வயிற்றில் பால் ஒரு சொட்டு இல்லை. காலையில் நன்றாகத்தான் கிளம்பினேன். கனகம்மாசத்திரம் தாண்டி அந்தக் கரும்புத் தோட்டம் கண்ணில் பட்டதும் முறுக்கிப் பிழிந்தது. தோட்டம் தாண்டி ஒரு கிலோமீட்டர் போனதும் விட்டுவிட்டது. திரும்பி வரும்போதும் அதே இடம், அதே முறுக்கு.

டாக்டரம்மா சொன்ன மீதிப் பாதி இதுதான். பாலை நிறுத்தலாம். அந்த ரோட்டை எப்படி நிறுத்துவது? முனிரத்தினத்திடம் சொன்னேன். "கரும்பு வெட்டிட்டாங்கன்னா சரியாப்பூடும்ணா" என்றான். அவனுக்கு எல்லாம் சுலபம்.

வயிறு: நடை 3. ஏறாத நாள்: 35.

ஆகஸ்ட் 2, சனி

பரீட்சை நாள். இன்று டூட்டி இல்லை, அதனால்தான் இன்று. காலை எட்டு மணிக்கு லோகா ஒரு டம்ளர் பால் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள், ஏதோ சர்க்கஸ் பார்க்கிற மாதிரி. பத்து நாளுக்கு அப்புறம் முதல் மிடறு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு ருசி.

8.50க்கு முறுக்கு ஆரம்பம். ஒன்பதே காலுக்குள் நடை 2. மதியத்துக்குள் 4.

பிடித்தாயிற்று! வலியோடு சிரித்தேன். லோகாவும் சிரித்தாள். திருடன் இத்தனை நாளும் என் கையில்தான் டம்ளரோடு இருந்திருக்கிறான். நாளைக்குப் பவியிடம் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து அந்த சீட் அவளுக்கு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்தது, வரவில்லை. லோகா புளியோதரை, தேங்காய்ச் சோறு, எலுமிச்சம்பழச் சோறு. எனக்குத் தயிர்ச் சோறு கிடையாது. மூன்றையும் ஒரு பிடி பிடித்தேன். வயிறு கல் மாதிரி நின்றது.

பவி இலையில் எல்லாம் அப்படியே. ஒரு ஓரமாகக் கிளறிக்கொண்டிருந்தாள்.

சொன்னேன். பால்தான் காரணம், கண்டுபிடித்தாயிற்று, இனி வண்டி நடுரோட்டில் நிற்காது, நாளைக்கு 6.40க்கு வந்துவிடு என்றேன். இலையை மடித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பத்தேழு நாள் அடக்கி வைத்தது.

"இன்னும் இன்னாத்துக்கு வெக்கம்? மேனேஜரே வுட்டுட்டாரு, ஊரே மறந்துபூச்சி, பெத்த பொண்ணு நீ மட்டும் மூஞ்சத் திருப்பிகினு போற. உங்க நைனா இன்னா கொலையா பண்ட்டான்?"

"எனக்கு எதுக்கு நைனா வெக்கம்?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "6.40க்கு என்னால கெளம்ப முடியல. ஏழு மணி ஆவுது, நான் பாத்ரூம்ல இருந்து வெளிய வரதுக்கே."

லோகா கரண்டியோடு சமையல்கட்டு வாசலில் நின்றுவிட்டாள்.

"எத்தினி நாளா?" என்றேன்.

"ரெண்டு வருசமா. காலேஜ் சேந்ததுல இருந்து. இத்தினி நாளும் நாலு மணிக்கே எழுந்து சமாளிச்சேன், அன்னியிலருந்து ஜாஸ்தியாய்டுச்சு. எதுனா துன்னா வருது. அதான் துன்றதில்ல. உனக்கு வந்ததும் டாக்டராண்ட போன, ஊர் பூரா வைத்தியம் சொன்னாங்க. நான் போய் யார்கிட்ட சொல்றது?"

அன்றைக்கு அடுத்த ஸ்டாப்பில் எதற்கு இறங்கினாள் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாத ஊரில், தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி, பாத்ரூம் போகணும் என்று கேட்டிருக்கிறாள். மூன்றாவது வீட்டில்தான் கதவு திறந்ததாம்.

"அன்னிக்கு உன்னாண்ட வந்து வண்டிய நிறுத்து நைனான்னு சொல்லத்தான் எழுந்தேன். அதுக்குள்ள நீயே நிறுத்திட்டு எறங்கி ஓடிட்ட."